நான்கடித் தொட்டிக்கு எந்த ஆப்பிரிக்கச் சிக்லிட்? நான்கு வழிகளின் ஒப்பீடு

மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் மீன் வளர்ப்பவர்கள் என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான்கடி நீளத்தில் தொட்டி செய்தாகிவிட்டது. கடையில் பார்த்த மஞ்சள், நீலம், ஆரஞ்சு நிற ஆப்பிரிக்க மீன்கள் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால் அவை ஒன்றையொன்று அடித்துக் கொல்லும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். வகைக்கு இரண்டாக வாங்கிக் கலந்து விடலாமா, ஒரே இனத்தை மட்டும் வளர்ப்பதா, ஆண் மீன்களை மட்டும் வைப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்கிறார்கள். வகைக்கு இரண்டு என்பதைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த இந்த மீன்களில் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து குடும்பம் நடத்துவதில்லை. தனியாக அகப்பட்ட ஒரு பெண்ணை ஆண் ஓயாமல் விரட்டும். ஒளிய இடமில்லாத அந்தப் பெண் இரை எடுப்பதை நிறுத்திவிட்டு, சில வாரங்களில் இறந்துபோகும். மீதமுள்ள நான்கு வழிகளை இங்கே எடைபோடுகிறேன்.

சிக்லிட் என்ற இந்த மீன் குடும்பத்தின் பெயர் புதிதாகத் தோன்றினாலும் அந்த மீன் நமக்குப் புதிதன்று. 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் கண்மாய்களில் எல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டை ஓர் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். கண்மாய் வற்றும்போது கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகத் தெரியும் குழிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி முன்பே தெரியும். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளிக் குழி தோண்டி, அதன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழையாதபடி காவல் நிற்கும். பெண் வந்து முட்டையிட்டு, அவற்றைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொண்டு விலகிவிடும். மலாவி ஏரியின் வண்ண மீன்களும் இதையேதான் செய்கின்றன. அங்கே குழிக்குப் பதிலாகப் பாறை இடுக்கு பெரும்பாலும் எல்லையாகிறது.

எனவே சண்டை என்பது இந்த மீன்களின் கெட்ட குணம் அன்று. அது இடத்துக்கான உரிமைப் போர். ஏரியில் அந்தப் போர் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது, ஏனெனில் தோற்ற மீன் இரண்டு மூன்று மீட்டர் விலகிப் போனால் வென்ற மீன் அதை மறந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் விலகிப் போக இடமில்லை. ஆகவே, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தோற்ற மீன் எங்கே போகும்? கீழே வரும் நான்கு வழிகளும் இதற்குத் தரும் நான்கு விடைகள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

தரைப் பரப்பு. இந்த மீன்கள் எல்லை வகுப்பது தரையிலும் பாறையிலும்தான் என்பதால், தொட்டியின் உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் போட்ட பின் உண்மையில் நிற்பது 200 லிட்டர் அளவுதான். அதே கொள்ளளவை மூன்றடி நீளத்தில் உயரமாகச் செய்து வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள் என்றே சொல்வேன். அங்கே நீர் இருக்கிறது, மீனுக்கு இடம் இல்லை.

நீர். மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை உடையது. அதைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 7.7-லிருந்து 8.8 வரை இருக்கும். அதே பகுதியில் உள்ள டாங்கனிக்கா ஏரியில் அதைவிடக் கூடுதலாக 9-ஐ ஒட்டி இருக்கும். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் வாளியிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவை விட்டுச்செல்லும் அளவுக்குக் கடினமானது. வேறு வண்ண மீன்களுக்குத் தொல்லையான அந்த நீர் இந்த மீன்களுக்குப் பொருந்தும் என்பது மதுரைக்காரர்களுக்குக் கிடைத்த வசதி. வைகை அணை வழியாக வரும் மாநகராட்சிக் குடிநீர் பொதுவாக அதைவிட மென்மையானது, மேலும் அதில் குளோரின் இருக்கும் என்பதால் குளோரின் நீக்கி மருந்து சேர்த்தே பயன்படுத்த வேண்டும். ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றினால் தாது உப்புகள் இல்லாமல் பிஎச் நிலைகுலையும்.

காரநீரில் ஓர் ஆபத்து உண்டு. இதைக் கடைகளில் சொல்வதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில், நச்சுத்தன்மை மிகுந்த வடிவத்தின் பங்கு பிஎச் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 உள்ள நீரில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, 8-ல் ஏறத்தாழ 5 விழுக்காடு, 8.5-ல் ஏறத்தாழ 15 விழுக்காடு. தங்கமீன் தொட்டியில் தாக்குப்பிடிக்கும் அலட்சியம் சிக்லிட் தொட்டியில் ஒரே இரவில் உயிர்களைப் பறித்துவிடும். ஃபில்டர் ஓடத் தொடங்கி, கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் விட்டு, அம்மோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டிய பிறகே மீன் விட வேண்டும் என்பது இங்கே தளர்த்தவே கூடாத விதி.

வெயிலும் மின்தடையும். இந்த மீன்களுக்கு உகந்தது 24 முதல் 28 டிகிரி. மதுரையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது மாடி அறையில் உள்ள தொட்டி நீர் 32, 33 டிகிரிக்குப் போகும். நீர் சூடாகும்போது அது தாங்கக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது: 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம், 32 டிகிரியில் ஏறத்தாழ 7.3 மில்லிகிராம். அதே வேளையில் மீனின் உடல் வேகம் கூடி, மூச்சுத் தேவையும் சண்டை வேகமும் சேர்ந்தே உயர்கின்றன. அன்றைக்கே மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்பட்டால், எத்தனை மீன்களை அடைத்து வைத்திருக்கிறோம் என்பதே எத்தனை பிழைக்கும் என்பதை முடிவு செய்யும்.

வெளியேற்றும் மீன். எந்த வழியைப் பின்பற்றினாலும் ஒரு கட்டத்தில் ஒரு மீனையாவது பிரித்தெடுக்க நேரும். அதை வைக்க இரண்டடித் தொட்டி ஒன்று வீட்டில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பாருங்கள். கண்மாயிலோ வைகையிலோ விடுவதை ஒரு வழியாக நினைக்கவே கூடாது. ஜிலேபிக் கெண்டை வந்த பின் நம் நீர்நிலைகளில் நாட்டு மீன்களுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கண்மாய் மீன் விற்பவர்களிடம் கேட்டாலே தெரியும்.

உங்கள் விருப்பம். வரவேற்பறையில் நிறம் வேண்டுமா, மீனின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமா, குஞ்சு எடுக்க வேண்டுமா? மூன்றும் ஒரே தொட்டியில் கிடைப்பதில்லை.

## முதல் வழி: நெருக்கமான எம்பூனாக் கூட்டம்

மலாவி ஏரிக்கரையில் வாழும் டோங்கா மக்களின் மொழியில் எம்பூனா என்றால் பாறை மீன் என்று பொருள். பாறைகளின் மேல் படரும் பாசியையும் அதில் ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்பவை இவை. கடைகளில் யெல்லோ லேப், ரெட் ஜீப்ரா, ஆரட்டஸ், கென்யி, டெமசோனி என்ற பெயர்களில் கிடைக்கும் மீன்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

தோற்ற மீன் எங்கே போகும் என்ற கேள்விக்கு இந்த வழி தரும் விடை, கூட்டத்துக்குள் கலந்துவிடும் என்பது. மீன்களைச் சற்று நெருக்கமாக வைத்தால், வலிய ஆண் எந்த ஒரு மீனையும் தொடர்ந்து குறிவைக்க முடியாமல் அடி பலருக்கும் பங்காகிவிடுகிறது. நான்கடித் தொட்டியில் 18 முதல் 22 மீன்கள் என்பது நான் ஒப்புக்கொள்ளும் அளவு. எட்டு மீன் மட்டும் வைத்தால் அமைதியாக இருக்கும் என்று எண்ணுபவர்கள்தான் அதிக மீன்களை இழக்கிறார்கள்.

நெருக்கம் மட்டும் போதாது. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்ற கணக்கில், மூன்று இனங்களுக்கு மேல் போகாமல் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மூன்றும் நிறத்திலும் கோடுகளிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்க வேண்டும், ஏனெனில் இந்த ஆண்கள் தம்மைப் போலவே தோன்றும் ஆண்களைத்தான் போட்டியாளராகக் கருதி அதிகம் தாக்குகின்றன. மஞ்சள் நிற யெல்லோ லேப் இருக்கும் தொட்டியில் இன்னொரு மஞ்சள் மீனைச் சேர்ப்பது சண்டையை விலைக்கு வாங்குவதாகும். எல்லா மீன்களையும் இரண்டு அங்குலக் குஞ்சுகளாக ஒரே நாளில் விடுவது நல்லது. எல்லை வகுத்துவிட்ட தொட்டியில் பிறகு வருபவன் அந்நியனாகவே நடத்தப்படுவான். இரண்டு அங்குல அளவில் ஆண், பெண் தெரியாது என்பதால், தேவைக்கு மேல் வாங்கி, வளர்ந்த பின் மிகுதி ஆண்களை விலக்கும் திட்டம் வேண்டும்.

கற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தொட்டியின் வெற்றி பாதி அதில்தான் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் கிரானைட் துண்டுகள் எளிதில் கிடைக்கின்றன; அவை நீரின் தன்மையை மாற்றுவதில்லை, ஆனால் உடைந்த விளிம்பு கத்தியைப் போல இருக்கும் என்பதால் துரத்தப்படும் மீனின் உடலைக் கிழித்துவிடும். உருண்ட கற்களே பாதுகாப்பு. கற்களை முதலில் தொட்டியின் அடியில் மெல்லிய தெர்மாகோல் அட்டை மேல் உறுதியாக அடுக்கிவிட்டு, அதன் பிறகே மணலைப் பரப்ப வேண்டும். மணலுக்கு மேல் கல்லை வைத்தால், மீன்கள் அடியில் தோண்டித் தோண்டி ஒரு நாள் கல் சரிந்து கண்ணாடியை உடைக்கும். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரு வாசல் உள்ள பொந்து புகலிடம் ஆகாது. துரத்தப்பட்டு உள்ளே போன மீன் வெளியே வர வழியின்றி அங்கேயே அடிபடும். நீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கக் கிளிஞ்சல் துண்டுகளை ஃபில்டரில் ஒரு பையில் கட்டி வைக்கலாம். மன்னார் வளைகுடாப் பவளப்பாறைத் துண்டுகளை யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். பவளம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

இந்த வழியின் மறைவான செலவு நீர்தான். இருபது மீன்களின் கழிவுக்கு வாரம் 40 விழுக்காடு நீரை மாற்ற வேண்டும். 200 லிட்டருக்கு அது 80 லிட்டர், ஏறத்தாழ ஆறு குடம். வாரா வாரம், ஆண்டு முழுதும், குடிநீர் லாரிக்குக் காத்திருக்கும் மாதங்களிலும் ஆறு குடம். வெளியேற்றும் நீரை மல்லிகைச் செடிக்கு ஊற்றலாம் என்பது ஓர் ஆறுதல். ஆனால் பிஎச் உயர்த்தச் சமையல் சோடா கலப்பவர்கள் அதைச் செடிக்கு ஊற்றக் கூடாது, மண்ணில் சோடியம் சேர்ந்துவிடும்.

அடுத்த செலவு மின்தடைக் காப்பு. நெருக்கமான தொட்டியில் காற்று நின்றால் சில மணி நேரத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். இன்வெர்ட்டர் இணைப்பு உள்ள பிளக்கில் ஏர் பம்ப்பை மாட்டி வைப்பது, அல்லது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது, மீன் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு. தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் மடிந்து, நீர் கெட்டிருக்கும்; மின்சாரம் வந்ததும் அது தானாக ஓடி அந்த நீரைத் தொட்டிக்குள் தள்ளுவதற்கு முன் பிளக்கை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நீரைக் கொட்ட வேண்டும்.

உணவிலும் கட்டுப்பாடு உண்டு. பாசி தின்னும் குடல் நீளமானது. ரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் புழு, மாட்டிதயம் போன்ற கொழுத்த புரத உணவு தொடர்ந்து கொடுத்தால், அதிலும் அடிபட்டுச் சோர்ந்திருக்கும் மீனுக்குக் கொடுத்தால், வயிறு ஊதி இறக்கும். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த உணவும், வெந்நீரில் வாட்டிய கீரையும் போதும்.

எந்த எம்பூனாக்களை வாங்கக் கூடாது என்பதை என் இழப்பிலிருந்து சொல்கிறேன். முதன்முதலில் மூன்றடித் தொட்டி ஒன்றில் பதினான்கு கலப்பு மீன்களை, "எல்லாம் ஒன்றாக இருக்கும்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, வாங்கி விட்டேன். அதில் இரண்டு ஆரட்டஸ் இருந்தன. மஞ்சளில் கருங்கோடு போட்ட அழகிய மீன்கள். அவற்றில் ஒன்று ஐந்தாம் மாதத்தில் கறுத்து, ஆண் என்று தெரியவந்தது. எட்டாம் மாதத்தில் தொட்டியில் நான்கு மீன்களே மிஞ்சின. காலையில் விளக்குப் போடும்போது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், நீர் மட்டத்தை ஒட்டிச் சாய்ந்து நின்ற அந்த மீன்களின் கிழிந்த வால்களை நான் இன்னும் மறக்கவில்லை. ஆரட்டஸும் கென்யியும் எம்பூனாக்களிலேயே மிகக் கொடியவை. நான்கடித் தொட்டியில் அவற்றுக்கு இடமே இல்லை. யெல்லோ லேப் இதற்கு நேர் எதிர். முதல் தேர்வாக அதையே வைத்துக்கொண்டு, மற்ற இரண்டை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

## இரண்டாம் வழி: ஆண் பீகாக்குகள் மட்டும்

பீகாக் எனப்படும் ஆலோனோகாரா மீன்களும் அவற்றுடன் விற்கப்படும் எலெக்ட்ரிக் புளூ போன்ற ஹாப் வகைகளும் மலாவி ஏரியின் மணற்பரப்பிலும் திறந்த நீரிலும் வாழ்பவை. பீகாக்கின் தலையில் உள்ள உணர்குழிகள் மணலுக்கு அடியில் அசையும் சிறு உயிர்களைக் கண்டறிய உதவுகின்றன; தலையை மணலுக்கு மேல் தாழ்த்தி அசையாமல் நின்று, சட்டென்று மூக்கை நுழைக்கும் அந்தக் காட்சிக்காகவே இவற்றை வளர்க்கலாம். எனவே கூழாங்கல் அல்லாமல் மெல்லிய மணல் வேண்டும். எம்சாண்ட் கூர்மையானது, தூசி நிறைந்தது. அதைத் தவிர்த்து, நீர் வடிகட்டிகளுக்குப் பயன்படும் சலித்த மணலைக் கழுவிப் போடுவது நல்லது.

இந்த வழி தரும் விடை, சண்டைக்கான காரணத்தையே நீக்கிவிடுவது. பெண் ஒன்றும் இல்லாத தொட்டியில், இனத்துக்கு ஓர் ஆண் வீதம், ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துப்போகாத 10 முதல் 12 ஆண்களை வைத்தால், போட்டி இருந்தாலும் அது பெரும்பாலும் துடுப்பை விரித்து மிரட்டுவதோடு நின்றுவிடும். ஒரே ஒரு பெண் தவறுதலாக உள்ளே வந்துவிட்டாலும் அன்றிலிருந்து தொட்டியின் அமைதி போய்விடும்.

சிக்கல் வாங்கும்போதே தொடங்குகிறது. இவற்றின் குஞ்சுகள் பல மாதங்கள் சாம்பல் நிறமாகவே இருக்கும். ஆண் என்று உறுதியாகத் தெரிய ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்து நிறம் ஏறியிருக்க வேண்டும். அந்த அளவு மீனின் விலை, எம்பூனாக் குஞ்சு விலையைப் போலப் பல மடங்கு. சிறு குஞ்சுகளே முழு நிறத்தோடு மின்னினால் ஐயப்படுங்கள்: ஹார்மோன் கலந்த உணவு கொடுத்து நிறம் ஏற்றப்பட்ட மீன்கள் சந்தைக்கு வருவதுண்டு. வீட்டுக்கு வந்த சில வாரங்களில் நிறம் வெளுத்துவிடும். அதில் பாதி பெண்ணாகவும் இருக்கலாம். மேலும், பன்னிரண்டு ஆண்களும் எப்போதும் முழு நிறத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தலைமை ஆண்கள் மின்னும்போது அடங்கிய ஆண்கள் தாமாகவே நிறத்தை மங்கவைத்துக்கொண்டு, பெண் போலத் தோன்றி அடியிலிருந்து தப்பிக்கும். நிறத்துக்காகவே செலவழித்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

ஹாப் வகைகளில் 25 சென்டிமீட்டர் வரை வளர்பவை உண்டு. வீனஸ்டஸ், லிவிங்ஸ்டோனி ஆகியவை குட்டியாக இருக்கும்போது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆறடித் தொட்டிக்கு உரியவை. எம்பூனாக்களையும் பீகாக்குகளையும் ஒன்றாக விடலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை வேண்டாம் என்பதே. எம்பூனாவின் ஓயாத வேகத்துக்கு முன் பீகாக் ஒதுங்கிப்போகும். ஒன்றுக்கு ஏற்ற உணவு மற்றொன்றுக்கு ஏற்காது.

## மூன்றாம் வழி: ஒரே இனம், ஒரே குடும்பம்

நான் அதிகம் பரிந்துரைப்பதும், மிகக் குறைவாகவே ஏற்றுக்கொள்ளப்படுவதும் இந்த வழி. ஒரே இனம் என்றதும் ஒரே நிறம் என்று எண்ணி மக்கள் விலகிவிடுகிறார்கள். சவுலோசி என்ற எம்பூனாவைப் பாருங்கள்: பெண்களும் இளமீன்களும் பளிச்சென்ற மஞ்சள், முதிர்ந்த ஆண் கருங்கோடுகளுடன் நீலம். ஒரே இனத்திலேயே இரு நிறங்கள். ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக வளராத உடல். 12 முதல் 15 குஞ்சுகளை வாங்கி வளர்த்து, இரண்டு மூன்று ஆண்களை வைத்துக்கொண்டு மற்ற ஆண்களை விலக்கினால், மூன்றடித் தொட்டியில்கூட நிலையான குடும்பம் அமைகிறது.

இங்கே தோற்ற மீன் தன் நிறத்தை மாற்றிக்கொண்டு பெண்களின் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. தலைமை ஆணை எடுத்துவிட்டால் இரண்டு நாட்களுக்குள் அடுத்த ஆண் நீலமாக மாறத் தொடங்குவதை என் தொட்டியிலேயே கண்டிருக்கிறேன். டெமசோனி என்னும் நீலக்கோட்டு மீனையும் இப்படி வளர்க்கலாம், ஆனால் அதில் ஆணும் பெண்ணும் ஒரே நிறம் என்பதால் பெண்ணும் போட்டியாளராக அடிபடும். பன்னிரண்டுக்குக் குறைவாக வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்று தீர்த்துவிடும் மீன் அது.

கலப்பினம் பிறக்காது என்பது இந்த வழியின் பெரிய நன்மை. எம்பூனாக் கூட்டத்திலும், பெண் கலந்த பீகாக் தொட்டியிலும் இனங்கள் கலந்து முட்டையிடும்; அந்தக் குஞ்சுகளுக்கு எந்தப் பெயரும் சொல்லி விற்க முடியாது, விற்கவும் கூடாது. ஒரே இனத் தொட்டியில் பிறந்த குஞ்சுகளை நேர்மையாகப் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். தாய் மீன் ஏறத்தாழ மூன்று வாரங்கள் இரை எடுக்காமல், தாடை புடைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் சுமந்து திரிவதைப் பார்த்த என் அம்மா, அதற்குப் பிறகு தினமும் காலையில் பூசை முடித்ததும் தொட்டிப் பக்கம் வந்து, "இன்னும் சாப்பிடலையா அது?" என்று கேட்கத் தொடங்கினார். இந்த மீன்களின் இயற்கை வாழ்விடம் மிகச் சிறியது என்பதையும் சொல்ல வேண்டும்; சவுலோசி மலாவி ஏரியின் ஒரு சிறு பாறைத் திட்டைச் சுற்றி மட்டும் வாழ்வது. அப்படிப்பட்ட மீனைக் கலப்பின்றி வளர்ப்பதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது.

குறை என்னவென்றால், கலப்பில்லாத குஞ்சுகள் எளிதில் கிடைப்பதில்லை. "கலர் ஆப்பிரிக்கன்" என்று பொதுப்பெயரில் விற்கும் தொட்டியிலிருந்து எடுக்காமல், தாய் மீன்களைக் காட்டக்கூடிய வளர்ப்பாளரிடம் வாங்க வேண்டும். அதற்கு வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூர் வரை விசாரிக்க நேரிடலாம். சில மாதங்கள் காத்திருக்கவும் நேரிடலாம்.

## நான்காம் வழி: நத்தை ஓட்டு மீன்கள்

நான்கடித் தொட்டிக்கு வீட்டில் இடமே இல்லை என்பவர்களுக்கு டாங்கனிக்கா ஏரியின் மல்டிஃபேசியேட்டஸ். ஆண் நான்கைந்து சென்டிமீட்டர், பெண் அதைவிடச் சிறிது. காலி நத்தை ஓடு ஒவ்வொன்றும் ஒரு வீடு. எல்லை ஒரு சாண் அளவே என்பதால், தோற்ற மீன் ஒரு சாண் நகர்ந்தாலே போதும். இரண்டடித் தொட்டியில் ஆறு மீனில் தொடங்கினால், முட்டையும் குஞ்சும் ஓட்டுக்குள்ளேயே வளர்ந்து, தலைமுறைகள் சேர்ந்து வாழும் ஓர் ஊரே உருவாகும்.

ஓடுகளுக்குக் கடையைத் தேட வேண்டியதில்லை. சோழவந்தான் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் கிடக்கும் நத்தை ஓடுகள் அளவில் சரியாகப் பொருந்தும். பூச்சிமருந்து படிந்திருக்கும் என்பதால் நன்றாகக் கொதிக்கவைத்து, சில நாட்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். மதுரையில் கேட்டவுடன் கிடைக்கும் மீன் இது அன்று. மேலும் இவ்வளவு சிறிய தொட்டியின் நீர் மே மாதத்தில் வெகு விரைவாகச் சூடேறும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் ஆவியாகும் நீரை அன்றாடம் ஈடுசெய்ய வேண்டும். ஈடுசெய்ய மட்டும் ஆர்ஓ நீரை ஊற்றுங்கள். கிணற்று நீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எம்பூனாக் கூட்டம் | ஆண் பீகாக் | ஒரே இனம் | ஓட்டு மீன்கள் |
|---|---|---|---|---|
| குறைந்த நீளம் | 4 அடி | 4 அடி, 5 நல்லது | 3 அடி | 2 அடி |
| எண்ணிக்கை | 18–22 | 10–12 | 12–15 | 6-ல் தொடக்கம் |
| வார நீர்மாற்றம் | 40 விழுக்காடு | 30 விழுக்காடு | 30 விழுக்காடு | 20 விழுக்காடு |
| மின்தடை ஆபத்து | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | குறைவு |
| மீன் விலை | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | அதிகம் |
| மறைவான செலவு | நீர், மின் காப்பு | நிறம் மங்குதல், ஏமாற்று | தேடல், காத்திருப்பு | கோடை வெப்பம் |
| குஞ்சுகள் | கலப்பினம் ஆகலாம் | இல்லை | கலப்பின்றி | ஏராளம் |

## யாருக்கு எது

வீட்டில் இன்வெர்ட்டரும் ஆழ்துளைக் கிணறும் இருந்து, வாரம் ஒரு மணி நேரம் தவறாமல் ஒதுக்க முடிந்தவர், அசைவும் ஆரவாரமுமான தொட்டியை விரும்பினால் எம்பூனாக் கூட்டமே சரி. இவற்றில் ஏதேனும் ஒன்று இல்லையென்றாலும் அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

வரவேற்பறைக்கு வருபவர்களின் கண்ணில் நிறம் பட வேண்டும், குஞ்சு வேண்டாம், ஒரே தடவையில் செலவழிக்கத் தயார் என்பவருக்கு ஆண் பீகாக்குகள். வாடகை வீட்டில் இருப்பவர், அடிக்கடி வெளியூர் செல்பவர், பள்ளிக் குழந்தைகளுக்குக் காட்டவென்று வளர்ப்பவர், முதன்முறையாகச் சிக்லிட் வாங்குபவர் ஆகிய எல்லோருக்கும் சவுலோசி போன்ற ஒரே இனக் குடும்பம் பொருந்தும். வாடகை வீட்டுக்காரர்கள் எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: நீர், கல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து நான்கடித் தொட்டி 350 கிலோவை எட்டும், மாடி வீட்டில் அதை அறையின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, உத்தரம் போகும் இடத்தில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே எல்லாவற்றையும் கலந்து விட்டுவிட்டு, இப்போது தினம் ஒரு மீனை இழந்துகொண்டிருப்பவர்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஆரட்டஸ், கென்யி இருந்தால் அவற்றை இன்றைக்கே பிரித்தெடுங்கள். அடிபட்ட மீனைத் துளையிட்ட பிளாஸ்டிக் கூடையில் அதே தொட்டிக்குள் மிதக்கவிட்டு, இரை எடுக்கும் வரை காத்திருங்கள். பிறகு எல்லாக் கற்களையும் வெளியே எடுத்து, முற்றிலும் வேறு விதமாக அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் அந்த மீனைத் திரும்ப விடுங்கள். காலையில் எல்லா மீன்களும் புதிய இடத்துக்கு வந்தவையாகவே எல்லை வகுக்கத் தொடங்கும்; அடிபட்ட மீனுக்கும் ஒரு பொந்து கிடைக்க அப்போது வாய்ப்பு உண்டு. ஒரு வாரத்துக்குப் பின்னும் ஒரே மீன் மற்ற எல்லாவற்றையும் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தால், அடிபடுபவற்றை விட்டுவிட்டு, அடிப்பதைத் தனியே எடுத்து இரண்டு வாரம் வேறு தொட்டியில் வையுங்கள்.